கியர்பொக்ஸை இறக்கும் முன்: பழைய கெப் வாகனத்தின் கிளச் கோளாறைக் கண்டறிவது எப்படி?

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று தெற்கே போகும் கரையோர வீதியில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் போதும். இந்தப் பிரதேசத்தின் பொருளாதாரம் பழைய கெப் வாகனங்களின் முதுகில் ஏறிப் போவது தெரியும். மீன் பெட்டியும் ஐசும், சம்மாந்துறை வயலிலிருந்து வரும் நெல் மூடைகள், செங்கல், மருதமுனை நெசவுத் துணிக் கட்டுகள், கல்யாண வீட்டுக்குப் போகும் கதிரைகள் எல்லாவற்றையும் இவைதான் சுமக்கின்றன. 1988 முதல் 1997 வரை உற்பத்தியான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ், அதே காலத்து மிட்சுபிஷி எல்200, இசுசு, நிசான் ஆகியவற்றுள் பல, அவற்றை ஓட்டும் இளைஞர்களைவிட வயதில் மூத்தவை.

இந்த வாகனங்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பாசம் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிநபர் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவும் சாதாரண குடும்பங்கள் நெருங்க முடியாத வரிகளோடு. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. போரிலும் பின்னர் சுனாமியிலும் இருந்ததை இழந்து, கடனோ லீசிங்கோ வெளிநாட்டு உறவின் உதவியோ கொண்டு ஒரு கெப் வாங்கிய குடும்பத்துக்கு, அந்த வாகனம் நின்றால் வருமானமும் நிற்கும். தவணை மட்டும் நிற்காது.

அப்படிப்பட்ட வாகனத்தில் கிளச் கோளாறு வந்தால் உரிமையாளர் பெரும்பாலும் முதலில் கேட்கும் வசனம், "பொக்ஸ இறக்கித்தான் பார்க்கணும்" என்பது. கியர்பொக்ஸை இறக்கினால் கூலி உண்டு, வாகனம் சில நாட்கள் கராஜில் கிடக்கும், "இறக்கினது இறக்கினதுதான், எல்லாத்தையும் மாத்திப் போடுவோம்" என்ற அடுத்த வசனமும் வரும். சில நேரம் அது சரியான ஆலோசனைதான். ஆனால் கோளாறு கியர்பொக்ஸுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு சோடி ரப்பர் கப்பின் விலைக்கும் ஒரு முழு கிளச் செட்டின் விலைக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல்.

நான் மெக்கானிக் அல்ல. கல்முனைப் பக்கத்தில் நீண்ட காலம் கராஜ் வைத்திருக்கும் சிலரோடு பல நாட்கள் இருந்து, அவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள், எந்த வரிசையில் சந்தேகப்படுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். வாகனக் கைநூல்கள் சொல்வதோடு அதை ஒப்பிட்டும் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு டோர்ச் லைட்டும் கூட நிற்க ஒரு ஆளும் போதும்.

பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது கால்

இஞ்சினின் பின்புறத்தில் கனத்த இரும்புச் சில்லு ஒன்று சுழல்கிறது. அது ஃபிளைவீல். அதன் மேல் பிரஷர் பிளேட் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, இருபக்கமும் லைனிங் ஒட்டிய கிளச் பிளேட் இருக்கிறது. இந்த பிளேட் கியர்பொக்ஸிலிருந்து வரும் தண்டின் பற்களில் கோத்திருக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு மட்டையை அழுத்திப் பிடிப்பதுபோல, பிரஷர் பிளேட்டிலுள்ள ஸ்பிரிங் கிளச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடியின் மூலமாகத்தான் இஞ்சினின் சுழற்சி கியர்பொக்ஸுக்கும், அங்கிருந்து சில்லுகளுக்கும் போகிறது.

பெடலை மிதிக்கும்போது நடப்பது இதற்கு எதிரானது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. கராஜில் அதை மேல் பம்ப் என்பார்கள். அது ஒயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. கியர்பொக்ஸின் பக்கத்தில் பூட்டியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது கீழ் பம்ப், அந்த அழுத்தத்தை வாங்கி ஒரு கம்பியை வெளியே தள்ளுகிறது. கம்பி ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பெயாரிங்கைத் தள்ள, பெயாரிங் ஸ்பிரிங்கின் நடுப்பகுதியை அழுத்த, பிடி விடுகிறது. சில சிறிய வாகனங்களில் இந்தப் பம்புகளுக்குப் பதிலாக ஒரு கேபிள் இருக்கும். வேலை ஒன்றுதான்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. பிடிப்பது ஸ்பிரிங்கின் வேலை, விடுவிப்பது காலின் வேலை. கிளச் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும், அவற்றை முழுதாகப் பிடிக்க விடாமல் தடுப்பதையும் சந்தேகிக்க வேண்டும். கிளச் சரியாக விடவில்லை என்றால் காலின் பலம் உள்ளே போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். இரண்டையும் "கிளச் போயிட்டு" என்ற ஒரே வசனத்தில் சொல்வதிலிருந்துதான் தேவையற்ற செலவு தொடங்குகிறது.

முதற் குறிப்பைப் பெடலே தரும். பெடலை மெதுவாக விட்டு வரும்போது வாகனம் எந்த இடத்தில் நகரத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். கால் கிட்டத்தட்ட முழுவதும் மேலே வந்த பிறகே எடுக்கிறது என்றால் பிடிக்காத கிளச்சைச் சந்தேகிக்கலாம். பெடல் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதுமே எடுக்கிறது என்றால் விடாத கிளச்.

பிடிக்காத கிளச்

அடையாளம் எளிது. பாரத்தோடு போகும்போது அக்சிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வரும்.

ஆளில்லாத சமதரை வீதியில், நான்காம் கியரில், மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது அக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். கிளச் நல்லதென்றால் இஞ்சின் திணறியபடி, வேகத்தோடு சேர்ந்து மெதுவாக ஏறும். வழுக்கினால் இஞ்சின் மட்டும் சட்டென்று உறுமும்.

வாகனத்தை நிறுத்தி வைத்தும் சோதிக்கலாம். சமதரையில் நிறுத்தி, ஹேன்ட் பிரேக் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்னாலும் பின்னாலும் எவரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அல்லது நான்காம் கியரைப் போட்டு, சிறிது அக்சிலரேட்டரோடு கிளச்சை விடுங்கள். நல்ல கிளச் என்றால் இஞ்சின் உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் பிடி இல்லை. இதை ஒரு தரம் மட்டும் செய்ய வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கும் எரியும்.

வழுக்குகிறது என்று உறுதியான பிறகும் பொக்ஸை இறக்க அவசரப்பட வேண்டாம். வெளியே பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பெடலின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய சிறு தளர்வு. பெடலைக் கையால் மெதுவாக அழுத்தினால், பாரம் தட்டுப்படும் முன் அது கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும். பல கெப்களில் இது 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை. சரியான அளவு அந்தந்த வாகனத்தின் கைநூலில் இருக்கும். தளர்வே இல்லையென்றால் யாரோ எப்போதும் பெடலில் கால் வைத்திருப்பது போன்ற நிலை. ஸ்பிரிங் முழுதாகப் பிடிக்காது. கேபிள் வகையில் பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். அதைச் சரிசெய்வது ஒரு நட்டைத் திருப்பும் வேலை.

இரண்டாவது, ஒயில் திரும்பி வராமல் அடைபட்டிருப்பது. பழைய ரப்பர் குழாய் உள்ளே வீங்கினாலோ, மேல் பம்பில் ஒயில் திரும்பும் சிறு துளை அழுக்கால் அடைத்தாலோ, காலை எடுத்த பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். கிளச் வழுக்கும் நேரத்தில் கீழ் பம்பின் எயார் எடுக்கும் நிப்பிளைச் சிறிது திறந்து பார்த்தால் தெரியும். ஒயில் பீறிட்டு வந்து, அதன்பின் கிளச் நன்றாகப் பிடித்தால், பிளேட்டில் குற்றமில்லை.

மூன்றாவது, ஒயில் கசிவு. இஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் கவிழ்த்த மணிபோன்ற கூடு இருக்கிறது. அதன் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக, மெல்லியதாக இருந்தால் இஞ்சின் ஒயில். தடிப்பாகக் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஒயில். பிளேட்டில் ஒயில் பட்டால் லைனிங் எவ்வளவு புதியதென்றாலும் வழுக்கும். இங்கே பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, கசியும் ஒயில் சீலை அப்படியே விட்டால், சில மாதங்களில் அதே செலவு மீண்டும் வரும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் பலமிழந்திருக்கிறது. அப்போது இறக்கலாம்.

விடாத கிளச்

இஞ்சின் ஓடும்போது முதலாம் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கும், அல்லது கரகரவென்று பற்கள் அரைபடும். பெடல் தரையில் இருக்கும்போதே வாகனம் ஊர்ந்து போகப் பார்க்கும். இஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் வெண்ணெய்போல விழும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். இஞ்சின் நின்ற பிறகும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் விழவில்லை என்றால், கோளாறு கிளச்சில் அல்ல, கியர்பொக்ஸிலோ கியர்க் கம்பியின் இணைப்பிலோதான்.

முதற் சோதனை ரிவர்ஸ். இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸைப் போடுங்கள். பழைய கியர்பொக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்குச் சுழற்சியைச் சமப்படுத்தும் வளையம் இல்லை. பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, பெடலை வேகமாக இரண்டு மூன்று தரம் மிதித்துவிட்டுக் கியரைப் போடுவது. அப்போது மட்டும் விழுகிறது என்றால், பிளேட்டை மறந்துவிட்டு ஒயில் வழியைப் பாருங்கள். காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது சோதனையை நான் நேரில் பார்த்தேன். திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் பழைய ஹைலக்ஸ் ஒன்றில் வந்திருந்தார்கள். கணவர் போர்க்காலத்தில் காணாமல் போனவர். மகன் விடியற்காலையில் மீன் ஏற்றுவார், பகலில் கல் மண் ஏற்றுவார். வேறொரு கராஜில் முழு செட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தாய் கையிலிருந்த கடைசிச் சோடிக் காப்பை அடகு வைப்பதாக முடிவெடுத்துவிட்டார். வங்கிக்குப் போகும் வழியில் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்றுதான் வந்தார்கள்.

கராஜ்காரர் பொனெற்றைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, பெடல ரெண்டு மூணு தரம் மிதிச்சிப்போட்டு முதலாம் கியரப் போடுங்க" என்றார். கியர் விழுந்தது. "மிதிச்ச கால எடுக்காம அப்படியே இருங்க." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெடல் தரையோடு இருக்க, வாகனம் மெல்ல முன்னே ஊர்ந்தது. "காலு கீழதானே இரிக்கி காக்கா, எப்படிப் போகுது?" என்று மகன் கேட்டார். "கால் இரிக்கி தம்பி, அழுத்தம் இல்ல. மேல் பம்புக்குள்ள ரப்பர் போயிட்டு. பொக்ஸ இறக்க வேணாம்."

பெடலைப் பிடித்திருக்கும்போதே அழுத்தம் கழன்று போகிறது என்றால், ஒயில் எங்கோ தப்பி ஓடுகிறது. ஒயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தால் அது வெளியே கசிகிறது. அளவு குறையவில்லை, ஆனாலும் அழுத்தம் நிற்கவில்லை என்றால், மேல் பம்புக்குள்ளேயே ரப்பர் கப்பைத் தாண்டி ஒயில் பின்னால் வழுக்கிவிடுகிறது. அந்த ஹைலக்ஸில் நடந்தது இரண்டாவது. அன்று பின்னேரம் பம்பின் ரப்பர்களை மாற்றி, எயார் எடுத்து, அவர்கள் திரும்பிப் போனார்கள். காப்பு கையிலேயே இருந்தது.

கசிவைத் தேட இடங்கள் உண்டு. பெடலுக்கு மேலே, பம்புக்குள் போகும் கம்பியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தாலோ, கால் வைக்கும் விரிப்பின் கீழ் பெயின்ற் உரிந்திருந்தாலோ மேல் பம்ப் கசிகிறது. பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். கீழ் பம்பின் ரப்பர் மூடியை மெதுவாக நீக்கினால் ஒயில் வழிகிறதா என்று தெரியும். இடையிலுள்ள உலோகக் குழாய், உப்புக் காற்றில் துருப்பிடித்து ஊசித்துளை விட்டிருக்கக் கூடும்.

பிறகு ஒரு முக்கியமான சோதனை. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழ் பம்பின் கம்பியைப் பார்க்க வேண்டும். இஞ்சின் நின்றிருக்கட்டும், சில்லுகளுக்குக் கல் வைத்திருக்கட்டும். கம்பி ஒரு சென்ரிமீற்றருக்குக் கூடுதலாக, ஒரே சீராக வெளியே வந்தால் காலின் பலம் அதுவரை வந்து சேர்கிறது. அதற்குப் பிறகும் கியர் விழவில்லை என்றால் குற்றம் உள்ளே. ஃபோர்க் வளைந்தோ வெடித்தோ இருக்கலாம், ஃபிளைவீலின் நடுவிலுள்ள சிறு பெயாரிங் இறுகியிருக்கலாம், பிளேட் கோணியிருக்கலாம். கம்பி கொஞ்சம்தான் அசைகிறது, அல்லது அசையவே இல்லை என்றால் குற்றம் வெளியே. பொக்ஸை இறக்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்தக் கம்பியைவிட நேர்மையான சாட்சி இல்லை.

ரப்பர் மாற்றும்போது பம்பின் உட்சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கோடோ துருக்குழியோ இருந்தால் புதிய ரப்பர் அதிக நாள் தாங்காது. பம்பையே மாற்ற வேண்டும். எயார் எடுத்ததும் சரியாகி, சில நாளில் பழையபடி வந்தால், எயார் எடுப்பது மருந்தல்ல. காற்றுப் புகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரேக் ஒயில் ஊற்ற வேண்டிய இடத்தில் இஞ்சின் ஒயிலோ வேறு எந்த மண் எண்ணெய் வகையோ ஊற்றக் கூடாது. ரப்பர்கள் எல்லாம் ஊதிப் பழுதாகும்.

சத்தமும் உதறலும்

இஞ்சினை நியூற்றலில் ஓடவிட்டுக் காதைக் கொடுங்கள். பெடலில் கால் இல்லாதபோது ஒரு இரைச்சல் இருந்து, மிதித்ததும் நின்றால், கியர்பொக்ஸின் முன் தண்டிலுள்ள பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். கால் இல்லாதபோது அமைதியாக இருந்து, பெடலை இலேசாகத் தொட்டதும் கீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பெயாரிங். முழுதாக மிதித்துக் கியரில் போட்டு வைத்திருக்கும்போது மட்டும் வந்தால் ஃபிளைவீலின் நடுவிலுள்ள சிறு பெயாரிங்காக இருக்கலாம்.

கிளச்சை விடும்போது வாகனம் முழுக்க உதறினால் பிளேட்டில் ஒயில் பட்டிருக்கலாம், ஃபிளைவீலின் முகம் சூட்டில் திட்டுத் திட்டாக இறுகியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் இஞ்சின் மவுண்டிங் ரப்பர்களையும், பின்புற ஸ்பிரிங் பட்டைகளைக் கட்டியிருக்கும் யூ போல்ட்களையும் பாருங்கள். ரப்பர் கிழிந்தாலும் போல்ட் தளர்ந்தாலும் இதே உதறல்தான் வரும்.

வெள்ளமும் உப்பும்

நம்முடைய கரைக்கு உரிய ஒரு கோளாறும் உண்டு. 2024 நவம்பரில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் நின்ற வாகனம், அல்லது கடற்கரை வளவில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வாகனம், ஒருநாள் ஸ்ராட் செய்தால் கியர் விழாது. பெடல் நன்றாக இருக்கும், ஒயில் இருக்கும், கீழ் பம்பின் கம்பியும் முழுதாக வரும். பிளேட் துருவினால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பெடலை முழுதாக மிதித்தபடி விட்டு விட்டு முயன்றால் சில நேரம் பிளேட் விடுபடும். கியரில் போட்டு ஸ்ராட் செய்து உதறி எடுப்பவர்களும் உண்டு. அது வாகனம் பாயக்கூடிய வேலை. திறந்த வெளியில், அனுபவமுள்ளவர் செய்ய வேண்டியது. வீட்டு வாசலில், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தரமாவது ஸ்ராட் செய்து, பெடலை மிதித்து விட்டு வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

இறக்கத்தான் வேண்டும் என்றால்

சோதனை எல்லாம் செய்து, குற்றம் உள்ளே என்று தெரிந்த பிறகு கஞ்சத்தனம் பார்ப்பதும் நட்டம்தான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பெயாரிங் மலிவு, இறக்கும் கூலி மலிவல்ல. பழைய பெயாரிங்கைத் திரும்பப் போட்டு, அது சில மாதத்தில் போனால் கூலி இரட்டிப்பு. ஃபிளைவீலின் முகம், இஞ்சினின் பின் ஒயில் சீல், ஃபோர்க், நடுப் பெயாரிங் ஆகியவற்றை நீங்களே கண்ணால் பாருங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். ரிவெட் ஆணிவரை தேய்ந்த பிளேட்டும், ஒயில் குடித்த பிளேட்டும் பார்த்ததும் தெரியும். பழைய பிளேட்டுக்குப் புதிய லைனிங் அடிப்பது செலவு குறைந்த வழி. ஆனால் பிளேட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கக் கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது. கூட்டுக்குள் இருக்கும் தூசைக் காற்றடித்து ஊதுவதை விட்டு, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை பழகும் பொடியன்கள்தான் அந்தத் தூசை அதிகம் சுவாசிக்கிறார்கள். அதேபோல, ஜக்கை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ வாகனத்தின் கீழ் எவரும் படுக்கக் கூடாது. கியர்பொக்ஸ் ஒரு ஆளின் நெஞ்சில் விழுந்தால் தப்புவது கடினம்.

கிளச்சைத் தின்னும் வரிசைகள்

போர்க்காலத்தில் இந்த வீதியில் ஓடியவர்களுக்குச் சோதனைச் சாவடிகள் ஞாபகம் இருக்கும். ஒரு வாகனம் சோதித்து முடிய, அடுத்தது அரை அடி நகரும். அரைக் கிளச்சில் நின்று, நகர்ந்து, நின்று. பிளேட் தேய்வது இப்படித்தான், நெடுஞ்சாலை ஓட்டத்தில் அல்ல. 2022இல் எரிபொருள் வரிசையில் வாகனங்களைக் கையால் தள்ளிக்கொண்டு போனவர்கள் டீசலோடு கிளச்சையும் மிச்சம் பிடித்தார்கள். இன்றும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கல்முனை நகருக்குள் அரைக் கிளச்சில் ஊர்வதைவிட, நியூற்றலில் நின்று, இடம் கிடைத்ததும் நகர்வது நல்லது. ஓடும்போது பெடலில் கால் வைத்திருக்காதீர்கள். பாரத்தோடு இரண்டாம் கியரில் எடுக்காதீர்கள். கடற்கரை மணலில் இழுக்கும்போது, நான்கு சில்லு இழுவை உள்ள கெப் என்றால் தாழ் கியரைப் போடுங்கள். சுமை கிளச்சில் விழாமல் கியரில் விழும்.

1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகங்களும் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மாற்றுவதற்குச் சாமான் இல்லாததால், எது பழுது என்று சரியாகக் கண்டுபிடித்துத் திருத்தியவர்கள்தான் அந்தக் கார்களை ஓடவைத்தார்கள். அந்த நிலை திரும்பி வரக் கூடாது. ஆனால் கழற்றும் முன் கண்டுபிடிக்கும் அந்தப் பழக்கம் இன்றைக்கும் நமக்குத் தேவை, ஏனென்றால் சாமான் கிடைத்தாலும் வாங்கக் காசில்லாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

எனவே அடுத்த தடவை கராஜுக்குப் போகும்போது "கிளச் போயிட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாரத்தில் இஞ்சின் மட்டும் உறுமுகிறதா, கியர் விழவில்லையா? பெடலைப் பல தரம் மிதித்தால் மாற்றம் இருக்கிறதா? ஒயில் குறைகிறதா? இஞ்சினை நிறுத்தினால் கியர் விழுகிறதா? இந்த நான்கையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பொக்ஸை இறக்க வேண்டும் என்று பதில் வந்தால், "கீழ் பம்ப் கம்பி எவ்வளவு வருது, பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். வாகனத்துக்குக் கீழே உங்களையும் கூப்பிட்டுக் காட்டுவார்.